ஆட்டமில்லாத கை

கருவடிக்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பாரதியின் குயில் தோப்பு நினைவுக்கு வரும். புதுச்சேரிக்காரர்களுக்கு முதலில் சுடுகாடுதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் சித்தானந்த சுவாமி கோயிலும் இருக்கிறது. அங்கே வியாழக்கிழமை தவறாமல் போகிறவர் என் அப்பா. "எனக்கு இன்னா, வண்டிச் செலவு கூட இல்ல, நடந்தே போயிடுவேன்" என்று சுடுகாட்டைப் பற்றி ஜோக்கடிப்பார். நடுக்குவாதம் வந்து எட்டு வருஷம் ஆனபோது அந்த ஜோக்கில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. நடக்கத்தான் முடியவில்லை.

மூளை அறுவை சிகிச்சையில் ரோபோ என்கிற விஷயத்தை நான் படிக்கத் தொடங்கியது அப்போதுதான். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவள். மருத்துவத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் வீட்டில் ஒருவருக்கு மண்டையில் துளை போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டி வந்தால், யாராக இருந்தாலும் படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராக இருந்தவர். 2011-ல் ஓய்வு பெற்றார். அந்த வருஷக் கடைசியில் தானே புயல் வந்து மில்லைச் சிதைத்தது. 2020-ல் மில்லையே மூடினார்கள். அவருடைய தொழிலில் 'ஆட்டம்' என்று ஒரு சொல் உண்டு. பேரிங் தேய்ந்து தண்டு அசைந்தால் ஆட்டம். புஷ் லூசானால் ஆட்டம். ஒரு மெஷினைத் தொட்டுப் பார்த்தே எங்கே ஆட்டம் என்று சொல்லிவிடுவார். 2016-ல் வலது கைப் பெருவிரல் தானாக உருளத் தொடங்கியபோது, "இங்க எங்கியோ ஆட்டம் வந்துடுச்சும்மா" என்றுதான் முதலில் சொன்னார்.

ஜிப்மரில் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். லெவோடோபா. முதல் நாலு வருஷம் மந்திரம் போட்ட மாதிரி வேலை செய்தது. பிறகு மந்திரத்தின் நேரம் குறைந்தது. மாத்திரை ஏறி நிற்கும்போது உடம்பு தானாக நெளியும், இறங்கினால் கல் மாதிரி உறையும். நாளில் ஆறு வேளை மாத்திரை. கழிப்பறை வாசலில் கால் தரையில் ஒட்டிக்கொண்டு, உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் வர முடியாமல் அவர் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுவார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்தக் கட்டத்தில்தான் ஒரு நரம்பியல் மருத்துவர் ஆழ்மூளைத் தூண்டல் பற்றிச் சொன்னார். மூளையின் அடியாழத்தில் இருக்கும் ஒரு சின்ன முடிச்சுக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய மின்கம்பியைச் செருகி, நெஞ்சில் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி வைத்து, இரவும் பகலும் மின்துடிப்பு கொடுப்பது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்தோம். தொகை 12 லட்சத்தைத் தாண்டியது. ரோபோ வைத்துச் செய்தால் அதற்கு மேல் தனிக் கட்டணம். கையில் கொடுத்த வழவழப்பான மடிப்புத்தாளில் ஒரு வெள்ளைக் கை, நீல வெளிச்சம், கீழே 'ரோபோ' என்று பெரிய எழுத்து.

பிரான்சில் சார்செலில் இருக்கும் பெரியப்பா மகன் போனில் ஒரே பிடியாக நின்றார். "தங்கச்சி, இங்க எல்லாம் ரோபோதான். ரோபோ இல்லாத எடத்துல சித்தப்பா தலையைக் குடுத்துடாத." அவர் சொல்வது அவருக்கு எளிது. 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி முழுமையாக இந்தியாவுடன் சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். தாத்தாவின் அண்ணன் எழுதிக் கொடுத்தார். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு கையெழுத்தால் ஒரு கிளை பாரிஸ் பக்கம் போனது, இன்னொரு கிளை கருவடிக்குப்பத்தில் நின்றது. அங்கே நடுக்குவாதம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் செலவை அரசு மருத்துவக் காப்பீடே பார்த்துக்கொள்ளும். இங்கே நாங்கள் மனைப் பத்திரத்தை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆகவே அந்தத் தனிக் கட்டணம் எதற்கு என்று தெரிந்துகொள்வது எங்களுக்குப் பொது அறிவு விஷயமாக இல்லை.

*

மெஷினின் பெயரை விசாரித்தேன். ரோசா என்றார்கள். அம்மா, "பேரு நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றார். அது பூ இல்லை. 'குறியிட அறுவைக்கான ரோபோ உதவியாளர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். பிரான்சின் தென்கோடியில் மொன்பெலியே நகரில், பெர்த்தேன் நாஹும் என்ற பொறியாளர் 2002-ல் தொடங்கிய நிறுவனம் உருவாக்கியது. 2016-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஆழ்மூளைத் தூண்டலின் இன்றைய வடிவமும் பிரான்சில்தான் பிறந்தது. 1987-ல் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் என்ற மருத்துவர், மூளையில் ஒரு புள்ளியைச் சுட்டு அழிப்பதற்கு முன் சரியான இடமா என்று மின்துடிப்பு கொடுத்துச் சோதித்தார். நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடிப்பு போனதும் நடுக்கம் நின்றது. அப்படியானால் எதற்கு அழிக்க வேண்டும், மின்துடிப்பையே தொடர்ந்து கொடுத்தால் என்ன என்று அவர் கேட்டார். மூளை அறுவையில் ரோபோவை முதலில் கையாண்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் ரோபோ மூளைக்கு வந்த கதை இன்னும் இரண்டு வருஷம் முந்தையது. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கதைதான். 1985-ல் கலிஃபோர்னியாவில் லாங் பீச் நகரத்து மருத்துவமனை ஒன்றில், 52 வயதுக்காரர் ஒருவரின் மூளையிலிருந்து திசுத் துணுக்கு எடுக்க வேண்டியிருந்தது. யிக் சான் குவோ என்பவரின் குழு அதற்கு ஒரு ரோபோக் கையைப் பயன்படுத்தியது. அது மருத்துவத்துக்காகச் செய்த கை இல்லை. ப்யூமா என்ற பெயரில் தொழிற்சாலைகளில் உதிரிப் பாகம் பொருத்துவதற்காகச் செய்தது. "மில்லுக்கு வர வேண்டியவன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்" என்றார் அப்பா. அந்தக் கை செய்த வேலை இதுதான்: ஸ்கேன் படத்தில் குறித்த திசைக்கு வந்து நின்றது. நின்றதும் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அசையாமல் பூட்டிக்கொண்ட கையில் இருந்த வழிகாட்டிக் குழாய் வழியாக மனிதர்கள்தான் துளையிட்டு ஊசியை விட்டார்கள். கொஞ்ச காலத்தில் அந்த முயற்சி நின்றுபோனது. காரணம் மருத்துவம் இல்லை. தொழிற்சாலையில் வேலி போட்டு ஆட்களைத் தள்ளி நிறுத்தி ஓட்ட வேண்டிய மெஷினை ஆள் தலைக்குப் பக்கத்தில் வைப்பது ஆபத்து என்று அதைத் தயாரித்த நிறுவனம் மறுத்துவிட்டது.

அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். "கரெண்ட நிறுத்திட்டு ஓட்டை போட்டானா? அப்ப அது ரோபோ இல்லம்மா. ஜிக்கு."

ஜிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் துளை விழ வேண்டும் என்றால், துரப்பணத்தின் முனை வழுக்காமல் இருக்க ஒரு கெட்டியான வழிகாட்டியை வேலைப்பொருளோடு சேர்த்து இறுக்குவார்கள். துளையை ஆள்தான் போடுவார், இடத்தை ஜிக் பிடித்துக்கொள்ளும். நாற்பது வருஷம் கழித்தும் மூளைக்குள் கம்பி செருகும் ரோபோக்கள் செய்யும் வேலையின் சாரம் அதுதான் என்று அந்த ஒரு சொல்லில்தான் எனக்குப் பிடிபட்டது. அதுவரை படித்ததில் கிடைக்கவில்லை.

வேறு வகைகளும் உண்டு. வயிறு, சிறுநீரக அறுவைகளில் புகழ்பெற்ற டாவின்சி வகையில் மருத்துவர் தள்ளி உட்கார்ந்து பிடியை அசைக்க, மெஷினின் விரல்கள் உள்ளே அசையும். மூளைக்குள் அந்த விரல்கள் புழங்க இடம் இல்லை. அதே முறையை மூளைக்காகவே செய்து பார்த்தவர்கள் கனடாவில் கால்கரி நகரத்தினர். கார்னெட் சதர்லாந்தின் குழு செய்த நியூரோஆர்ம், 2008 மே மாதத்தில் 21 வயதுப் பெண்ணின் மூளைக் கட்டியை எடுக்க உதவியது. எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குப் பக்கத்திலேயே இயங்கும்படி டைட்டானியம், பிளாஸ்டிக் வகைகளால் செய்த கை. மருத்துவரின் கை நடுக்கத்தை வடிகட்டும். ஆனால் அது பரவவில்லை. முதுகெலும்பில் ரோபோ பரவியிருக்கிறது. எலும்பின் குறுகிய பாலத்துக்குள் திருகு போகும் கோணம் தப்பினால் நரம்பில் படும் என்பதால் அங்கேயும் அது பிடித்துக்கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது. சென்னையில் அப்போலோ 2009-ல் கொண்டுவந்த சைபர்நைஃபும் ஒரு ரோபோதான். கார் தொழிற்சாலைக் கையின் நுனியில் கதிர்வீச்சுக் கருவியை மாட்டியது. அதில் கத்தியே கிடையாது.

*

மருத்துவரோடு நடந்த இரண்டாவது சந்திப்பு ஒரு மணி நேரம் போனது. அதில் முக்கால்வாசி அப்பாவும் அவரும் பேசிக்கொண்டதுதான். மருத்துவருக்கு அவசரம் இருந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை.

கம்பி போய்ச் சேர வேண்டிய இடம் தலாமஸுக்கு அடியில் இருக்கும் ஒரு முடிச்சு. ஒரு சென்டிமீட்டர்கூட வராது. உருவத்தில் பருப்பு மாதிரி. கம்பியின் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டர். எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த முடிச்சைக் குறித்து, மண்டையோட்டில் எங்கே நுழைவது என்று குறித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடுகிறார்கள். வழியில் ரத்தக்குழாய் படக்கூடாது, மூளைக்குள் நீர் தேங்கும் அறைகளைத் தொடக்கூடாது. பிறகு தலையை அசையாமல் இறுக்குகிறார்கள். திரையில் இருக்கும் தலையும் மேஜைமேல் இருக்கும் தலையும் ஒன்றுதான் என்று மெஷினுக்குப் புரியவைக்க வேண்டும். எலும்பில் பதித்த அடையாளங்களையோ முகத்தின் மேல் ஓடும் லேசர் ஒளியையோ வைத்து அதைச் செய்வார்கள்.

"டேட்டம்" என்றார் அப்பா. எல்லா அளவையும் எங்கிருந்து எடுக்கிறோமோ அந்த மூலப்புள்ளி. "அது தப்புனா பாக்கியெல்லாம் கரெக்டா இருந்தும் தப்பு."

"அதேதான் ஐயா" என்றார் மருத்துவர்.

கடைசியில் எவ்வளவு பிசகும் என்று அப்பா கேட்டார். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை என்றார் மருத்துவர். தலையில் வளையம் மாட்டிச் செய்யும் பழைய முறையிலும் ஏறக்குறைய அதே அளவுதான் என்றும் சொன்னார். அப்பா சிரித்துவிட்டார். "ஒரு மில்லிமீட்டர்னா நாப்பது தவு சார். மில்லுல நாப்பது தவு விட்டா வெளிய தள்ளிடுவான்." தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

மருத்துவர் கோபப்படவில்லை. மெஷின் கையின் துல்லியம் அதைவிட நன்றாகவே இருக்கும், பிசகு அதனால் வருவதில்லை என்று விளக்கினார். எம்.ஆர்.ஐ. படத்திலேயே கொஞ்சம் நெளிவு உண்டு. படத்தையும் தலையையும் ஒட்டுவதில் கொஞ்சம் போகும். சரிவான எலும்பில் துரப்பணம் ஒரு மயிரிழை வழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, மண்டையோட்டைத் துளைத்து உறையைத் திறந்ததும் மூளையைச் சுற்றியிருக்கும் நீர் கொஞ்சம் வடியும், காற்று புகும், மூளை சற்றே அமிழும். படம் எடுத்தபோது இருந்த இடத்தில் மூளை இப்போது இல்லை.

"வைஸுக்குள்ள ஜாப் நகுந்துட்டா ஜிக்கு இன்னா பண்ணும்?" என்றார் அப்பா.

"ஒண்ணும் பண்ணாது ஐயா. அது சொன்ன எடத்துலயே நிக்கும். அதனாலதான் உங்கள முழிச்சிருக்கச் சொல்றோம்."

முடியைவிட மெல்லிய நுனி கொண்ட ஊசிகளை முதலில் இறக்கி, நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்பார்கள். முடிச்சுக்கு மேலே ஒரு மாதிரி, முடிச்சுக்குள் போனதும் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல், அடியில் தாண்டிவிட்டால் வேறு மாதிரி. பிறகு மின்துடிப்பைக் கொடுத்து, கையை மடக்கி நீட்டச் சொல்வார்கள், பேசச் சொல்வார்கள். வாய் குழறினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ கம்பி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஆக, இடம் சரியா என்பதைக் கடைசியில் சொல்வது மருத்துவரின் காதும் நோயாளியின் வாயும். மயக்கத்தில் வைத்துப் படம் பார்த்தே முடிக்கும் இடங்களும் இப்போது உண்டு. அங்கேயும் முடிவில் ஒரு ஸ்கேன் எடுத்து ஆள்தான் சரிபார்க்கிறார்.

அப்படியானால் ரோபோவால் என்ன லாபம் என்று நான் கேட்டேன். "ரெண்டு கம்பிக்குப் பெரிய வித்தியாசம் இல்லம்மா. பதினஞ்சு கம்பி வைக்கணும்னா அது இல்லாம நான் செய்ய மாட்டேன்" என்றார்.

பதினைந்து கம்பி என்பது வலிப்பு நோய்க்கு. மருந்துக்கு அடங்காத வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க, பல இடங்களில் ஆழத்துக்குக் கம்பி விட்டு, நாள்கணக்கில் பதிவு செய்வார்கள். பாரிஸில் தலராக், பான்கோ என்ற இருவர் ஐம்பதுகளில் தொடங்கி வளர்த்தெடுத்த முறை. வளையத்தில் ஒவ்வொரு கம்பிக்கும் எண்களைக் கையால் திருப்பிச் சரிபார்த்து மாற்ற வேண்டும். பதினைந்தாவது கம்பிக்கு வரும்போது கண் பூக்கும். ரோபோ ஒவ்வொரு கோட்டுக்கும் தானே நகர்ந்து நிற்கும், பதினைந்தாவதிலும் அதற்குச் சலிப்பு கிடையாது. டெல்லி எய்ம்ஸில் சரத் சந்திரா குழு இதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறது. மூளையின் ஒரு பாதி முழுவதும் வலிப்பைக் கிளப்பும் குழந்தைகளுக்கு அந்தப் பாதியை மற்றதிலிருந்து துண்டிப்பது ஒரு சிகிச்சை. மண்டையைத் திறந்து செய்தால் சின்னக் குழந்தைக்கு ரத்த இழப்பே பெரிய ஆபத்து. அவர்கள் ரோபோ காட்டும் வழியில் சிறு துளைகள் வழியாகக் கம்பியைச் செலுத்தி, புள்ளி புள்ளியாகச் சூடு வைத்துத் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். கையால் அத்தனை கோடுகளையும் பிசகாமல் போடுவது நடக்கிற காரியமில்லை. அந்த இடத்தில் ரோபோ விளம்பரம் இல்லை, தேவை.

*

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சென்னையின் பழைய கதை ஒன்று கிடைத்தது. அதை அப்பாவிடம் உடனே சொல்லவில்லை. சில நாள் நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

மூளைக்குள் குறி வைத்துப் போகும் அறுவை நமக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அவரோடு வி. பாலசுப்பிரமணியம், பிறகு டி.எஸ். கனகா. கனகா 1968-ல் பட்டம் பெற்றவர், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர். வாழ்நாளில் நூறு முறைக்கு மேல் ரத்ததானம் செய்தவர். சி.டி. ஸ்கேன் இல்லாத அறுபதுகளில், மூளையின் அறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழலிலிருந்து அளந்து, வளையத்தின் உதவியோடு நடுக்குவாதக்காரர்களின் மூளையில் புள்ளியைக் கண்டுபிடித்துச் சுட்டார்கள். 1975-லேயே கனகா மூளையில் நிரந்தர மின்முனை பதித்திருக்கிறார். படிக்கப் படிக்கப் பெருமையாக இருந்தது.

அதே குழு அதே கருவியால் இன்னொன்றும் செய்தது. அடங்காத, ஓயாமல் ஓடுகிற, தன்னையும் பிறரையும் அடித்துக்கொள்கிற மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் பலருக்கு, மூளையில் அமிக்டலா, ஹைப்போதலாமஸ் ஆகிய இடங்களைச் சுட்டார்கள். 'அமைதிப்படுத்தும் அறுவை' என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்து, 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆங்கில ஆய்விதழ்களில் எழுதினார்கள். பலர் அமைதியானார்கள் என்று பதிவு செய்தார்கள். ஜப்பானிலும் அப்போது அது நடந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் சங்கிலியில் கட்டி வைப்பதைத் தவிர வேறு வழியறியாத பெற்றோர் அழைத்து வந்த பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று நினைத்தவர்கள். இன்று அப்படிச் செய்ய எந்த நெறிமுறைக் குழுவும் எளிதில் ஒப்பாது. அந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்காது. அமைதி என்பது யாருக்கு அமைதி என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

எனக்கு உறைத்தது இது. அந்த அறுவைகளில் குறி தப்பியதாகப் பிரச்சினை இல்லை. குறி சரியாகவே விழுந்திருக்கும். அந்தப் புள்ளிக்குப் போகலாமா என்பதுதான் கேள்வி. அன்று ரோசா இருந்திருந்தால் அதே புள்ளிக்கு இன்னும் நேராகப் போயிருக்கும். ஆட்டமில்லாத கை, தான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று கேட்காது. அதை நாம்தான் கேட்கவேண்டும், மெஷின் வருவதற்கு முன்னால்.

ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து, அடுத்த மாத்திரைக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டுவிட்டு, "என்னைக் கேக்கறீங்க இல்ல. அது போதும்" என்றார்.

உண்மையில் நாங்கள் அதுவரை அவரைச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. பணத்தைப் பற்றிப் பேசினோம், ரோபோவா வளையமா என்று பேசினோம், சார்செலோடு பேசினோம். அம்மா மட்டும் நேராகச் சொன்னார்: "தலையில ஓட்டை போட வேணாம். நான் பொத்தான் போட்டுவுடறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல." அதுதான் அப்பாவுக்குக் கஷ்டம் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான். நடை போனது கூடப் பரவாயில்லை. நாற்பது வருஷம் வேலை செய்த கையைத் தூக்கி அடுத்தவர் முன்னால் நீட்ட வேண்டியிருக்கிறது என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் காபியோடு வந்து, "எப்பம்மா போவணும்?" என்று என்னிடம் கேட்டார்.

*

மெஷினைவிட அதிக நேரம் எடுத்தது அதற்கு முந்தைய சோதனைகள். முதல் நாள் இரவிலிருந்து மருந்தை நிறுத்தி, காலையில் உறைந்துபோன நிலையில் நடக்கவைத்து, விரல் தட்டச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். பிறகு மாத்திரை கொடுத்து, ஏறியதும் அதே சோதனை. மாத்திரைக்கு எது சரியாகிறதோ அதுதான் பெரும்பாலும் கம்பிக்கும் சரியாகும் என்பது கணக்கு. கை நடுக்கம், இறுக்கம், உறைதல் குறையலாம். உடம்பின் சமநிலை, குரல், ஞாபகம் ஆகியவை தேறாது, குரல் இன்னும் மோசமாகலாம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம். ஞாபகச் சோதனை தனியாக ஒரு நாள். இதில் எதையும் ரோபோ செய்யவில்லை. எங்களுக்கு இந்தக் கம்பி பொருந்தும் என்று முடிவு செய்தது இந்த இரண்டு நாள்தான்.

அறுவை நாளில் ரோபோ வைத்தே செய்தார்கள். அந்த மருத்துவருக்கு அது பழக்கமான முறை என்பதுதான் காரணம். பழகிய கருவியை மாற்றச் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்சி. நாங்கள் வெளியே ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே நடந்ததை அப்பாதான் பிறகு சொன்னார். கை வந்து நின்றதை அவரால் பார்க்க முடியவில்லை, மோட்டார் சத்தம் மட்டும் கேட்டதாம். "சர்வோ நல்ல சர்வோ, நின்னதுக்கப்புறம் இம்மி அதிரல." துளை போடும்போது வலி இல்லை, மண்டைக்குள் மில் ஓடுகிற மாதிரி இருந்ததாம். ஒலிபெருக்கியில் தன் மூளையின் இரைச்சலைக் கேட்டதுதான் அவருக்கு விசேஷம். இடது பக்கம் முதலில் இறக்கிய வழியில் சத்தம் குறைவாக இருந்திருக்கிறது. மருத்துவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்த அடுத்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "ஜிக்கு காட்டுன எடம் ஒண்ணு. அவரு காது காட்டுன எடம் ஒண்ணு. காது சொன்னதைத்தான் கேட்டாரு."

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. பேட்டரியை முடுக்கியது சில வாரம் கழித்துத்தான். சரியான அளவு மின்துடிப்பு கிடைக்க ஆறேழு முறை சென்னைக்குப் போய்வந்தோம். அப்பா அதை ட்யூனிங் என்கிறார். ஆறு வேளை மாத்திரை மூன்றாகியிருக்கிறது. கழிப்பறை வாசலில் நிற்பது அபூர்வம். சட்டைப் பொத்தானைத் தானே போடுகிறார். மேல் பொத்தானுக்கு நேரம் எடுக்கும், யாரும் கிட்டே போவதில்லை. குரல் மட்டும் மெலிந்துவிட்டது. போனில் அவர் பேசுவது சார்செலுக்குப் புரிவதில்லை. திரும்பும்போது தள்ளாட்டம் இருக்கிறது, கோயிலுக்குக் கைத்தடியோடுதான் போகிறார். இரண்டும் முன்கூட்டியே சொல்லப்பட்டவை. பேட்டரி சில வருஷத்தில் தீரும், அதற்கு மறுபடி பணம் வேண்டும். மனையில் பாதி மிச்சம் இருக்கிறது.

லாசுப்பேட்டையிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் யாராவது தேடிக்கொண்டு வருகிறார்கள். "ரோபோவுல பண்ணாங்களாமே?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அப்பாவின் குரல் எட்டாததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். அவர் கேட்கச் சொல்லும் கேள்விகள் இவை: இந்த மருத்துவர் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு இதைச் செய்கிறார்? மாத்திரைச் சோதனை செய்தார்களா? எது சரியாகாது என்று வாய்விட்டுச் சொன்னார்களா? முடிந்தபின் அளவு பார்த்து மாற்றுவது யார், எத்தனை நாள்? பேட்டரி எவ்வளவு? ரோபோவைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லையே என்று போன மாதம் ஒரு பையன் கேட்டான். அம்மாவை அழைத்துக்கொண்டு வந்திருந்தான், அந்த அம்மாவின் கை மடியில் துள்ளிக்கொண்டிருந்தது.

"அது நல்ல மெஷின்தாம்பா" என்றார் அப்பா. "மொதல்ல உங்கம்மாவக் கேட்டியா?"